எழுந்து போகச் சொல்லும் மெட்டு

"ஜனங்க எழுந்து போறதுக்கு ஒரு மெட்டு வேணும்" என்று பிரிவுத் தலைவர் ஓனுமா கேட்டபோது ரித்சுகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவள் பார்த்த வேலை அதற்கு நேர் எதிர்.

ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்களுடைய வக்கீல்கள் பொல்லாதவர்கள். இசைக் கல்லூரியில் பியானோ படித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை ஏதாவது வேலை பார்க்கலாமே என்று அங்கே போய்ச் சேர்ந்தவள் கதாகுரா ரித்சுகோ. கல்யாணம் ஆன பிறகும் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டியில் ஒரே சமயத்தில் மூன்று சுரங்கள்தான் கேட்கும். நான்காவதைச் சேர்த்தால் முதலில் இருந்த ஏதாவது ஒன்று காணாமல் போய்விடும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு போர்க்களம், பாதாளக் குகை, அரக்கன் கோட்டை என்று எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட்டாள். ஜப்பானில் ஒரு தலைமுறையே அவள் மெட்டைக் கேட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதாமல் உட்கார்ந்திருந்தது.

ஆனால் ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடும்போது 'இசை: கேப்டன் மோச்சி' என்றுதான் வரும். மோச்சி என்றால் அரிசி மாவு உருண்டை. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, இசை போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்து ஒளித்து வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ரசிகர்கள் கேப்டன் மோச்சியைத் தாடி வைத்த தடியன் என்று கற்பனை பண்ணி, படமெல்லாம் வரைந்து அனுப்பினார்கள். அவற்றைப் பிரித்து அலமாரியில் ஒட்டுகிற வேலையும் ரித்சுகோவுடையதுதான். ஓய்வு பெறும் வயது வந்ததும் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பி, மறு வாரமே குறைந்த சம்பளத்துக்கு அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதுவும் அங்கே வழக்கம்தான். பட்டப்பெயர் மட்டும் மாறவேயில்லை, அவளுடைய வயிற்றெரிச்சலும்தான்.

"புதுச் சட்டம் வந்துட்டுது கதாகுரா சான்" என்றார் ஓனுமா. "குறிப்பிட்ட நேரத்துக்கு மேல யாரும் ஆடக் கூடாது. நாமளா ஆட்டத்தை நிறுத்தினா பசங்க டிவியை ஒடைக்கிறாங்க. அம்மாவை அடிக்கிறாங்க. அவனவனா எழுந்து போகணும். சந்தோஷமாப் போகணும்."

"கடை மூடற நேரத்துல பாட்டுப் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதே!"

ஜப்பானில் பெரிய கடைகளை மூடும் நேரத்தில் ஒரு பழைய மெட்டைப் போடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அதைக் கேட்டதும் ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிடுவார்கள்.

"அது பழக்கம்" என்றாள் ரித்சுகோ. "உள்ள வெச்சுப் பூட்டிடுவானோன்னு பயந்து போறாங்க. சந்தோஷமா எங்க போறாங்க?"

"சந்தோஷத்தை நீங்க போடுங்க. மிச்சத்தை மாரன் சான் பாத்துக்குவார்."

மாரன் சான் என்பது கம்பெனியில் கருவிகள் செய்கிற இன்ஜினியர், விருதுநகர் நன்மாறன். 'சான்' என்பது நம்மூர் 'சார்', 'அம்மா' மாதிரி பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை. 'நன்' என்பது ஜப்பானிய மொழியில் 'என்ன' என்று பொருள்பட, ஒரு மனிதனை 'என்ன மாறன்' என்று கூப்பிடக் கூச்சப்பட்டு அவர்கள் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். அவனும் பதிலுக்கு அவளை 'சென்சே' என்று கூப்பிட்டான். வாத்தியார், டாக்டர், வித்வான் எல்லாருக்கும் பொதுவான மரியாதைச் சொல் அது. அந்தக் கட்டடத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மற்ற இசைக்காரர்கள் எல்லாரும் கொட்டாவி வருகிற மாதிரி மெட்டுகளைப் போட்டுத் தோற்றுப்போனார்கள். ரித்சுகோ நாலே நாலு வரி எழுதிக் கொண்டுவந்தாள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்த சோதனை ஆட்கள் சற்று நேரத்தில் ஒவ்வொருவராகக் கையிலிருந்த ஆட்டப் பொத்தான் கட்டையைக் கீழே வைத்தார்கள். சிரித்தார்கள். ஒருத்தன் வெளியே போய் அம்மாவுக்குப் போன் பண்ணினான்.

"எப்படி சென்சே?" என்றான் நன்மாறன்.

"அலுத்துப்போனவன் எழுந்து போகமாட்டான் மாரன் சான். அலுத்துக்கிட்டே ஒக்காந்திருப்பான். எங்க வீட்டுக்காரரை டிவி முன்னாடி பாத்திருக்கேன். வயிறு நெறஞ்சவன்தான் எலையை விட்டு எழுந்திருப்பான். இத்தனை வருஷமா நான் போட்ட எந்த மெட்டும் வீடு வந்து சேராது. முடியப்போற மாதிரி வரும், முடியாது. கேக்கறவன் அது எப்ப முடியும்னு தனக்கே தெரியாம காத்துக்கிட்டிருப்பான். இதுல முடிச்சு வெச்சேன். அவ்வளவுதான்."

"ஆனா ஒவ்வொருத்தருக்கும் நெறையற எடம் வேற வேற" என்று அவன் தன் பங்கைச் சொன்னான். "அதுக்குத்தான் காதுல மாட்டற கருவி. நாடியைப் பாக்கும், மூளையில ஓடற மின்சாரத்தைப் பாக்கும். பாத்துக்கிட்டே மெட்டைக் கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் எறக்கும். ஆள் 'அப்பாடா'ன்னு மூச்சு விடற வரைக்கும் விடாது. துணி உங்களுது. அளவெடுத்துத் தைக்கறது நான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தூங்கி எழுந்தா போயிடும்."

மெட்டு பிய்த்துக்கொண்டு போனது. முதலில் ஆபீஸ்காரர்கள் வாங்கினார்கள். இரவு வரை மேஜையைக் கட்டிக்கொண்டு அழுகிற குமாஸ்தாக்கள் சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்ப, நாடெங்கும் பெண்டாட்டிகள் கேப்டன் மோச்சியை வாழ்த்தினார்கள். பெட்டியின்மேல் தன் சொந்தப் பெயரைப் போடும்படி ரித்சுகோ வாயைத் திறந்தே கேட்டாள். "அது பிராண்ட் ஆயிடுச்சு கதாகுரா சான், அதுல கை வைக்க முடியாது" என்று ஓனுமா மிகவும் வருத்தத்தோடு மறுத்தார்.

பிறகு ஒரு கட்டட முதலாளி வாங்கினான். இடிக்கப்போகிற பழைய அடுக்குமாடியில் காலி செய்ய மறுத்த கிழவர்களைக் கூட்டம் என்று கூப்பிட்டு, காது கேட்க வசதியாக இருக்கும் என்று ஆளுக்கொரு கருவியை மாட்டிவிட்டான். எல்லாரும் புன்னகையோடு காலி செய்வதாகக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் விழித்து, நாம் ஏன் போட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டு அழுதார்கள். நன்மாறன் அந்தச் செய்தியைக் காட்டியபோது ரித்சுகோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதோடு, அவ்வளவு பிடிவாதக்காரக் கிழங்களையும் தன் நாலு வரி அசைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அந்தச் சமயத்தில் அவள் புருஷன் ஷோஹே பக்கத்து நகரமான கோபேயில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு இடது காலை முழங்காலோடு கேட்டது. ஒன்று விட்டு ஒரு நாள் டயாலிஸிஸ். அவள் மெட்டுப் போட்ட எந்த விளையாட்டையும் அவர் தொட்டதில்லை. "நாளெல்லாம் நெஜ பஸ் ஓட்டறேன், வீட்டுக்கு வந்து பொய் பஸ் ஓட்டணுமா?" என்பார். மனைவியின் புகழை மதிக்காத புருஷன்தான். ஆனால் அவளை இடுப்பு வலிக்கச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே மனிதர்.

அந்த ஆஸ்பத்திரியும் மெட்டை வாங்கியிருந்தது, பார்வையாளர்களுக்காக. நேரம் முடிந்தும் கட்டிலை விட்டு நகராத சொந்தக்காரர்களை நர்சுகள் துரத்திச் சலித்துப்போயிருந்தார்கள். இப்போது வாசலிலேயே காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். அறிவிப்புகள் அதில் வரும். நேரம் ஆனதும் மெட்டு வரும். முதல் நாள் அதைக் கேட்டபோது, என்னுடையது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லலாமா என்று ரித்சுகோவுக்குத் துடித்தது. அதற்குள் மனசு நிறைந்துவிட்டது. தன் மெட்டுதான், எப்படி வேலை செய்கிறது என்றும் தெரியும். இருந்தாலும் சமைத்தவளுக்கும் பசி அடங்கத்தானே செய்யும். புருஷன் கையைத் தட்டிக்கொடுத்து, சிரித்துக்கொண்டே கிளம்பினாள். தினமும் அப்படித்தான். வீட்டில் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம் ஷோஹே, "ரித்சுகோ, எனக்குப் போதும்" என்றார்.

"என்ன போதும்? கஞ்சியா?"

"இல்லம்மா. இந்த டயாலிஸிஸ். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்னு. நிறுத்தினா கொஞ்ச நாள்தான் தாங்கும்னார். சரின்னேன்."

அதைச் சொல்லும்போது அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சோதனை அறையில் ஆட்டத்தை விட்டு எழுந்த ஒவ்வொருவன் முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறாள். எத்தனை நாள் படுக்கையை அடைப்பான் இந்தக் கிழவன் என்று கணக்குப் போட்டு, இவருக்கும் மெட்டைப் போட்டுவிட்டார்கள் பாவிகள் என்று நினைத்தாள். நோயாளிகளின் தலையணைக்குள் ரேடியோ இருந்தது. அதன் வழியாகத்தான் போட்டிருக்க வேண்டும்.

தலைமை நர்ஸ் இகுதாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு என்னோட மெட்டைப் போட்டீங்களா? சொல்லுங்க!"

இகுதா இடுப்பு வரை குனிந்தாள். "மன்னிக்கணும். உங்க மனசு நோகும்படி ஆயிடுச்சு. எங்களோட தவறு."

ஜப்பானில் மன்னிப்பு என்பது நம்மூர் 'சாப்பிட்டாச்சா' மாதிரி. யார் சாப்பிட்டார்கள் என்பதா அங்கே விஷயம்? எதிரே ஒருவர் வருத்தப்பட்டால், காரணம் கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து, பல்லாயிரம் தடவை தானும் குனிந்து நிமிர்ந்த ரித்சுகோவுக்கு இது தெரியாதா? ஆனால் அன்றைக்கு அவள் அதை ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"மன்னிப்புக் கேட்டாங்கங்கறதை வெச்சா சொல்றீங்க?" என்றான் நன்மாறன், அவள் கம்பெனிக்கு ஓடிவந்து சொன்னதும். "இங்க மழை பெஞ்சாக்கூடக் கேக்கறாங்களே சென்சே."

"எனக்கு நீங்க ஜப்பானைச் சொல்லித் தரீங்களா?"

"கோவப்படாதீங்க. ஒரு வாரம் குடுங்க, உள்ள புகுந்து பாத்துச் சொல்றேன்."

"ஒரு வாரத்துல அவர் போயே போயிடுவார்." அவள் உடைந்து அழுதாள். கேப்டன் மோச்சி அழுது அவன் பார்த்ததில்லை. "நீங்க எனக்கு ஒரு கருவி குடுங்க. மெட்டு நான் போடறேன். இருக்க வைக்கற மெட்டு."

பழைய போர்க்கள மெட்டை எடுத்தாள். தாளத்தை உருவிவிட்டாள், வேகத்தைக் குறைத்தாள். வீடு வந்து சேராத அந்தத் தவிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. நன்மாறன் அதை அளவெடுத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தான். கருவிக்கு அது ஒன்றும் புதிதில்லை, எந்தப் பக்கம் தள்ளச் சொன்னாலும் தள்ளும்.

"அவர் சொன்னதை நாம மாத்தப்போறோம் சென்சே" என்றான், கருவியைக் கையில் கொடுக்கும்போது.

"அவர் சொல்லலை. என் மெட்டு சொல்லவெச்சது. என்னோடது. நான்தான் மாத்தணும்."

"என்னோட பழைய பாட்டு, நீங்க கேட்டதே இல்லையே" என்று கொஞ்சலாகச் சொல்லி அவள் மாட்டிவிட்டபோது ஷோஹே மறுக்கவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்காரப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் டாக்டரைக் கூப்பிட்டு, தான் சொன்னதை மறந்துவிடும்படி சொன்னார். தூங்கி எழுந்தால் போய்விடுமே, அதனால் ரித்சுகோ தினமும் போய் மாட்டிவிட்டாள். அப்போதெல்லாம் தன் காதில் மாட்டவேண்டியதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதோடு அவள் விடவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "நான்தான் கேப்டன் மோச்சி" என்றாள். நாடே வாயைப் பிளந்தது. தாடி வைத்த தடியன் இருக்கவேண்டிய இடத்தில் மெலிந்த, நரைத்த பெண்மணி ஒருத்தி, தன் மெட்டை வைத்து நோயாளிகளைச் சாக ஆசைப்படவைக்கிறார்கள் என்று கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனி முதலாளியும் ஓனுமாவும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் காமிராக்கள் முன்னால் வரிசையாக நின்று நீளமாகக் குனிந்தார்கள். அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்?

அரசாங்கம் அவசரமாக ஒரு விதி கொண்டுவந்தது. இனிமேல் எந்த நோயாளியும் சிகிச்சை போதும் என்று சொன்னால் செல்லாது. ஆளுக்குத் தகுந்தபடி அளவெடுத்த எந்த மெட்டும் ஒரு வருஷமாக அவர் காதில் விழவில்லை என்று நிரூபித்தால்தான் செல்லும். அதுவரை சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும். பத்திரிகைகள் அதற்கு 'கதாகுரா விதி' என்று பெயர் வைத்தன. பேரங்காடியில் முன்பின் தெரியாதவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ ஒன்றின்மேல் அவள் சொந்தப் பெயரைப் போட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பத்திரிகையைப் புருஷனிடம் காட்டினாள்.

ஷோஹே அதைப் பார்க்கவில்லை. "மருந்து வண்டி வந்துட்டுதா?" என்றார்.

அவர் மாறித்தான் போயிருந்தார். கேலி பேசுவது நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரியும் பேருந்து நிலையத்தைப் பார்த்து, எவன் எப்படி வண்டியைத் திருப்புகிறான் என்று மார்க் போடுவாரே, அதுவும் நின்றது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஊசி, அடுத்த பரிசோதனை, அடுத்த வேளை என்று ஒவ்வொன்றையும் பரபரப்போடு எதிர்பார்த்தார். வலியில் முனகுவார்; முனகி முடித்ததும் "அடுத்தது என்ன?" என்பார். அந்தக் கண்களையும் ரித்சுகோ எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கே என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை. வலது காலையும் எடுக்கவேண்டும் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, ஷோஹே உற்சாகமாகத் தலையாட்டினார். எடுத்தார்கள்.

உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புது விதிப்படி ஆஸ்பத்திரிகளைச் சோதிக்கும் வேலைக்குக் கம்பெனி நன்மாறனை அனுப்பியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றி, கோபேக்கு வரவே மாசக் கணக்கில் ஆகிவிட்டது. வந்தவன் அவளை ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், தேநீரை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க மாரன் சான்."

"தலையணை ரேடியோவைப் பிரிச்சுப் பாத்தேன் சென்சே. பழைய ரகம். நாடி பாக்கற வசதியே அதுல கெடையாது. நம்ம மெட்டை அதுல போட்டா சும்மா பாட்டுதான், ஒண்ணும் பண்ணாது. அதையும் அவங்க போடலை. நோயாளிங்க யாருக்கும் ஒரு தடவைகூடப் போடலை. பார்வையாளருங்களுக்கு மட்டும்தான் வாங்கியிருக்காங்க."

"அந்த நர்ஸ் ஒத்துக்கிட்டாளே."

"நீங்க கத்தினீங்க. அவங்க மன்னிப்புக் கேட்டாங்க."

ரித்சுகோ தன் தேநீரைத் தள்ளிவைத்தாள். "அப்ப போதும்னு சொன்னது?"

"அவருதான்" என்றான் நன்மாறன். "தலையணையில நாடி பாக்க வழியிருக்கான்னு நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும். நீங்க அழுதீங்க. நான் யோசிக்கலை."

நாற்பது வருஷம் தன் மெட்டில் எவன் பெயரோ ஓடுவதைப் பார்த்து வெந்தவள், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் போய்த் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். அவர் நிறைந்து சொன்ன ஒரு வார்த்தையை, என்னுடையது என்று பிடுங்கிக்கொண்டாள். மேஜையில் தலை கவிழ்ந்துகொண்டாள்.

மறுநாள் அவள் கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஷோஹே தூங்கி எழுந்து, வெகு நாளைக்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவதையும் எடுத்துட்டாங்களே. நானா இதுக்குத் தலையாட்டினேன்? ஆட்டினது ஞாபகம் இருக்கு. ஏன்னுதான் தெரியலை."

"நான்தாங்க" என்றாள் ரித்சுகோ. எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, பெருமைப்பட்டதைக்கூட.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் களைப்பாகத்தான் பேசினார். "எறங்கணும்னு ஒருத்தன் மணி அடிச்சா டிரைவர் நிறுத்தணும் ரித்சுகோ. இவன் எறங்கறது எனக்குப் பிடிச்சிருக்கான்னு டிரைவர் பாக்கறதில்லை."

"நீங்க எப்படி மணி அடிப்பீங்க? என்னை விட்டுட்டு?"

"உன்னை நெனச்சுத்தான் அதுவரைக்கும் அடிக்காம இருந்தேன். அப்புறம் பாத்தேன், நீ சாயங்காலம் ஆனா சிரிச்ச முகமாக் கெளம்பறே. தெனமும். மொத மொதல்ல வந்தப்போ வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பே. சரி, இவ தனியா இருந்துக்கக் கத்துக்கிட்டா, இனிமே கவலையில்லைன்னு நெனச்சேன். மனசு நெறஞ்சு போச்சு. அப்பதான் போதும்னு பட்டுது."

ரித்சுகோ அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது நான் சிரிச்சதில்லைங்க. வாசல்ல காதுல மாட்டி விடுவாங்களே, அதுல என் மெட்டு வரும். அது சிரிக்க வெச்சுது. நான் தனியா இருந்துக்கக் கத்துக்கலை. இன்னிக்கு வரைக்கும் கத்துக்கலை."

ஷோஹே அவளையே பார்த்தார். "உன் பாட்டை நான் கேக்காமயே இருந்திருக்கலாம்னு நெனச்சேன். கேக்காமயேதான் மாட்டிக்கிட்டேனா?" பழைய கேலி ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இப்பத் தெரிஞ்சாச்சே. இப்பவும் போதுமா?"

"இப்ப முன்னைவிடப் போதும்" என்றார். "வலிக்குது ரித்சுகோ. டாக்டரைக் கூப்பிடு."

அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு எழுந்து போனாள். இந்தத் தடவை அவர் சொன்னபடி செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனாள். டாக்டரிடம் விடுவதற்கு முன் இகுதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அளவெடுத்த மெட்டு எதையாவது கடைசியா எப்பக் கேட்டார்?"

"நேத்து."

"யார் போட்டது?"

"நான்."

"அப்படின்னா ஒரு வருஷம் ஆகணும் கதாகுரா சான். அதுக்கு முன்னாடி அவர் சொல்றது செல்லாது. அதுவரைக்கும் டயாலிஸிஸ் பண்ணியே ஆகணும். கையை உதறினா கட்டி வெச்சாவது பண்ணணும்னு இருக்கு. உங்க விதிதானே, உங்களுக்குத் தெரியாததா?"

"இன்னிக்கு அவர் காதுல எந்த மெட்டும் இல்லைங்க. இது அவரே சொல்றது. எனக்குத் தெரியும். நான் அவர் பொண்டாட்டி."

"வர்ற குடும்பம் எல்லாம் இதையேதான் சொல்றாங்க" என்றாள் இகுதா. அவள் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று ரித்சுகோவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது ஷோஹே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

அன்றைக்கு டயாலிஸிஸுக்கு ஊசி குத்தும் நாள். தாழ்வாரத்தில் வண்டி உருளும் சத்தம் கேட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். குத்திக் குத்தி வீங்கி, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்த நரம்பைப் பார்த்தார்.

"அந்தக் கருவி பையில இருக்கா?"

"எதுக்கு?"

"எடு. இருந்தே ஆகணும்னா ஆசையோடவாவது இருந்துட்டுப் போறேன்."

"வேண்டாங்க. இன்னிக்குப் போட்டா வருஷக் கணக்கு இன்னிக்கிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும்."

"தெரியும்" என்றார் ஷோஹே. "ஒரு நாளே என்னால முடியலை, வருஷத்துக்கு எங்க போறது? போடும்மா."

ரித்சுகோ போட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை முதலில் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு மெல்ல விட்டுவிட்டது. வண்டி வாசலில் வந்து நின்றதும் ஷோஹே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் வாங்க" என்றார் நர்சிடம். "இன்னிக்கு என்ன பண்ணப்போறீங்க?"